புதன்கிழமைப் பக்கம்

— அப்படி மடிக்காத.

— அண்ணி, பதினாறு வருஷமா லாண்ட்ரில மடிக்கறதுதான் எனக்கு வேலை.

— லாண்ட்ரிக்கு வர்ற ஆளுங்களுக்கு ரெண்டு கையும் வேலை செய்யும். உங்க அண்ணனுக்கு ஒண்ணுதான். சட்டையோட வலது கை மேல வர்ற மாதிரி மடி. வராத கையத்தான் முதல்ல நுழைக்கணும்.

— தெரியும்.

— தெரிஞ்சா செய்.

— புதன்கிழமை புதன்கிழமை நான்தானே மாத்திவிடறேன்.

— ஆமால்ல. மறந்தே போச்சு பாரு. புதன்கிழமை மகாராணி.

— காலைலருந்து இதோட நாலு தடவ குத்திட்டீங்க.

— எண்ணிட்டு இருக்கியா? நான் எங்க குத்தறேன்... டாக்டரம்மா சொன்னதைத் திருப்பிச் சொல்றேன். "புதன்கிழமை யாரு பாத்துக்கறாங்க?" இதுதான் முதல் கேள்வி. வாதம் வந்து பதினாலு மாசம் ஆச்சு, மத்த ஆறு நாளும் யாரு பாத்துக்கறான்னு அந்தம்மா ஒரு நாள் கேட்டதில்ல.

— நோட்டைப் பாத்துட்டுக் கேட்டிருப்பாங்க.

— நோட்டைப் பாத்துட்டுதான். பக்கம் பக்கமா விரலை வச்சுப் பாத்தாங்க. திங்கள், அரை தட்டு. செவ்வாய், அரை தட்டு. புதன்... முழு தட்டு. வியாழன், அரை. எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? பரீட்சைப் பேப்பரை நடு வகுப்புல வச்சு வாசிச்ச மாதிரி.

— அண்ணி, அது ஒரு நோட்டு...

— அந்த நோட்டை ஆரம்பிச்சது நான். கோடு போட்டது நான். சாப்பாடு, தண்ணி, மருந்து, நடை, மனசுன்னு அஞ்சு கட்டம். என் ஆறு நாள்லயும் "மனசு" காலி. புதன்கிழமை மட்டும் "சிரிச்சான்." அடுத்த வாரம் "ரெண்டு தடவ சிரிச்சான்." போன வாரம் மூணு.

— பேனா கைல இருந்துச்சு, எழுதினேன்.

— ...அந்த மருந்து டப்பாவை இப்படித் தள்ளு.

— எது, நீலமா?

— நீலம் காலைக்கு. வெள்ளை ராத்திரிக்கு. மாத்திக் குடுத்துடாத. பகல் பூரா தூங்கிட்டு, ராத்திரி பூரா கட்டில் கம்பியைத் தட்டிட்டு இருப்பார்.

— எழுதி ஒட்டியிருக்கீங்களே.

— ஒட்டியிருக்கேன். படிக்கணுமே.

— இந்தப் பொடி?

— தண்ணியைக் கெட்டியாக்கறது. ஒரு டம்ளருக்கு ரெண்டு கரண்டி. சும்மா தண்ணி குடுத்தா புரை ஏறிடும். இதெல்லாம் உனக்குத் தெரியாதா என்ன?

— தெரியும், தெரியும்... அண்ணி, ஊட்டறப்ப எந்தப் பக்கம் உக்காந்துக்குவீங்க?

— நாலு மாசமா முழு தட்டு ஊட்டறவ எங்கிட்ட கேக்கறியா?

— சும்மாதான் கேட்டேன்.

— என் கை ராசி அரை தட்டு. அதைக் கத்துக்கிட்டு நீ என்ன பண்ணப் போற.

— ...வண்டி எத்தனை மணிக்கு?

— நாலு மணி. சக்கர நாற்காலியோட அப்படியே ஏத்தற வண்டி. கீழ வந்ததும் போன் பண்ணுவான்.

— இப்ப மூணே கால்.

— அதான் பேசாம மடிங்கறேன்.

— அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?

— கேட்டேனே. "தங்கச்சி வீட்டுல மூணு மாசம் இருக்கீங்களா?"ன்னு. "சரி"ன்னார்.

— அண்ணன் எல்லாத்துக்கும் "சரி"தான் சொல்லுவான்! அந்த ஒரு வார்த்தைதானே வாயில வருது!

— வந்த வார்த்தைக்கு ஒரு மதிப்பு வேணாமா.

— தண்ணி வேணுமான்னா சரி. ஜன்னலைச் சாத்தவான்னா சரி. கால் வலிக்குதான்னு பிசியோக்காரர் கேட்டா, அதுக்கும் சரி.

— சரி.

— அண்ணா, உன்னைக் கூப்பிடல. நாங்க இங்க பேசிட்டு இருக்கோம். நீ படு.

— பாத்தியா. உள்ள இருந்து உன் குரலுக்கு எப்படி பதில் வருது.

— கத்திச் சொன்னேன், திருப்பிச் சொல்றான். அவ்வளவுதான்.

— நான் காலைலருந்து பக்கத்துல போய்ப் போய்ப் பேசறேன். மூஞ்சியைச் சுவத்துப் பக்கம் திருப்பிக்கறார்.

— அண்ணி, நிஜமா சொல்லுங்க. மனசாரத்தான் அனுப்பறீங்களா?

— டாக்டரம்மா சொன்னாங்க. "உங்களைப் பாத்தா தூங்கி ஒரு வருஷம் ஆன மாதிரி இருக்கு. அவர் நல்லா இருக்கற இடத்துல கொஞ்ச நாள் இருக்கட்டும், நீங்களும் தேறுவீங்க." அவர் நல்லா இருக்கற இடம்! அப்ப இது என்ன இடம்?

— அந்த அர்த்தத்துல சொல்லியிருக்க மாட்டாங்க.

— எந்த அர்த்தத்துல சொன்னா என்ன. உங்க பெரியம்மாவுக்கு அதுக்குள்ள விஷயம் போயாச்சு. போன்ல, "என்ன இருந்தாலும் கூடப் பொறந்த ரத்தமாச்சே"ன்னாங்க. இருபத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்தவ என்ன, தண்ணியா?

— பெரியம்மா பேச்சைப் போய்...

— எடை வேற ரெண்டு கிலோ ஏறியிருக்கு. அரை அரை தட்டா சாப்பிட்டு எப்படி ஏறும்னு டாக்டரம்மாவே கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. அப்புறம், "புதன்கிழமை நல்லா சாப்பிடறார்ல"ன்னுட்டாங்க. வாரத்துல ஒரு நாள் சாப்பாட்டுல ரெண்டு கிலோ. உன் கை அப்படி.

— ...ரெண்டு கிலோவா?

— ஏன், கம்மியா? உனக்கும்தான் ஏறியிருக்கு. நாலு மாசத்துல ஒரு சுத்து பெருத்துட்டே. உங்க குடும்பத்துக்கே புதன்கிழமை ஒத்துக்குது.

— அண்ணி!

— சரி, சரி. தலையணை உறையை எடு... ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு.

— கேளுங்க.

— எதுக்கு சிரிச்சார்?

— எப்போ?

— போன வாரம். மூணு தடவ. ஒவ்வொண்ணா சொல்லு.

— அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு...

— பதினாலு மாசமா வாயடைச்சுக் கிடக்கற மனுஷன் மூணு தடவ சிரிக்கறார். உனக்கு ஞாபகம் இல்ல. நானா இருந்தா மணியோட சொல்லுவேன்.

— முதல் தடவ... கடைல ஒருத்தர் வேற ஆளோட கோட்டை மாத்தி எடுத்துட்டுப் போயிட்டார். கோட்டுப் பையில ஒரு காதல் கடிதம். அதை அவர் வீட்டுக்காரம்மா பாத்துட்டாங்க. அதைச் சொன்னேன்.

— ரெண்டாவது?

— சின்ன வயசுல அண்ணன் என்னை சைக்கிள் பின்னாடி உக்கார வச்சு ஓட்டிட்டுப் போனான். ஒரு திருப்பத்துல நான் விழுந்துட்டேன். அவனுக்குத் தெரியல. வீடு வரைக்கும் எங்கூட பேசிட்டே போயிட்டான்.

— இதை எங்கிட்ட அவர் சொன்னதே இல்ல.

— எப்பவோ நடந்தது அண்ணி.

— எப்பவோ நடந்ததெல்லாம் எனக்குத் தெரியும்னு நினைச்சுட்டு இருந்தேன். இருக்கட்டும். மூணாவது?

— மூணாவது... தும்மினேன்.

— தும்மினியா?

— பெருசா.

— நான் வாரத்துக்கு ஏழு நாளும் தும்மறேன். எனக்கு அந்தக் குடுப்பினை இல்ல. எப்படி சிரிச்சார்?

— எப்படின்னா... சிரிக்கற மாதிரிதான்.

— சத்தம் வந்துச்சா?

— வந்துச்சே. பழைய மாதிரி. ஹஹஹான்னு.

— வாய்?

— வாய் நிறைய. பல்லெல்லாம் தெரிய.

— ரெண்டு பக்கமும்?

— ஆமா அண்ணி, ரெண்டு பக்கமும். என்ன இது, போலீஸ் மாதிரி...

— ...

— ஏன் பேசாம இருக்கீங்க?

— ஒண்ணுமில்ல. உறையை உள்பக்கம் திருப்பிட்டு மாட்டு.

— அண்ணி... அடுத்த வாரம் வச்சுக்கலாமா?

— எதை?

— இதைத்தான். கூட்டிட்டுப் போறதை. வீட்டுல பாத்ரூம் வாசல் குறுகல், நாற்காலி நுழையுமான்னு ஒரு தடவ...

— போன வாரமே டேப் வச்சு அளந்தேன்னு சொன்னே.

— அளந்தேன். சரியா அளந்தேனான்னு...

— அது சரி. ஒரு நாள் வந்து சிரிக்க வச்சுட்டுப் போறது ஒண்ணு. ஏழு நாளும் மலம் மூத்திரம் எடுக்கறது வேற. முழு வாரம்னதும் கசக்குது.

— அதுக்கு இல்ல!

— பின்ன எதுக்கு?

— எல்லாத்தையும் எங்கிட்டயே கேளுங்க. புதன்கிழமை நீங்க எங்க போறீங்கன்னு நான் ஒரு நாளாவது கேட்டேனா?

— கேளேன்.

— "கடைக்கு"ன்னு போறீங்க. மூணு மணி நேரம். பை காலியா வருது. வர்றப்ப தலை மினுங்குது, ஒரு வாசனை. கட்டில்ல கிடக்கறவன் என் அண்ணன். எனக்கும் மூக்கு இருக்கு.

— என்னடி சொல்ல வர்ற?

— நான் ஒண்ணும் சொல்லல. எங்க வீட்டுக்காரர்தான் கேட்டார், உங்க அண்ணி யாரைப் பாக்கப் போறாங்கன்னு.

— ஒரு பொண்ணைப் பாக்கப் போறேன்.

— பொண்ணா?

— பஸ் நிறுத்தத்துக்குப் பின்னாடி மாடில ஒரு பார்லர். அங்க தலை கழுவிவிடற பொண்ணு. பின்பக்கமா சாய்ச்சு உக்கார வச்சு, கழுத்துக்குக் கீழ ஒரு துண்டை மடிச்சு வைப்பா. தண்ணியை முதல்ல தன் கைல விட்டுப் பாத்துக்குவா. "சூடு போதுமா மேடம்?"னு கேப்பா.

— இதுக்கா...

— பதினாலு மாசமா அந்தக் கேள்வியை நான் கேட்டுட்டு இருக்கேன். சூடு போதுமா. வலிக்குதா. இப்படித் திரும்பறீங்களா. என்னை யாரும் கேட்டதில்ல. முதல் நாள் அவ கேட்டப்ப எனக்கு பதில் சொல்லத் தெரியல. அழுதுட்டேன். கண்ல சோப்பு போயிடுச்சுன்னு நினைச்சு, பாவம், துடைச்சு துடைச்சு விட்டா.

— அண்ணி...

— பத்து நிமிஷ வேலை. அப்புறம் அந்த நாற்காலிலயே தூங்கிடுவேன். எழுப்ப மாட்டா. போதுமா? போய் உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு.

— நான் தப்பா நினைக்கல...

— நினைச்சே. பரவால்ல. நானும் உன்னைப் பத்தி நல்லதா ஒண்ணும் நினைக்கல. அந்த நாற்காலில கண்ணை மூடினா உடனே உன் முகம்தான் வரும். இந்நேரம் ஊட்டிட்டு இருப்பா. இந்நேரம் சிரிச்சுட்டு இருப்பார். ஈரத் தலையோட எழுந்து ஓடி வந்துடலாமான்னு இருக்கும். நாலு தடவ அப்படி வந்தும் இருக்கேன். கதவுல காதை வச்சு நின்னிருக்கேன்.

— ...சிரிப்பு கேட்டுச்சா?

— இல்ல. நான் வர்றதுக்குள்ள சிரிச்சு முடிச்சுட்டார்னு நினைச்சுக்குவேன்.

— போன் அடிக்குது அண்ணி.

— ஹலோ... ஆமா, நான்தான்... கீழயா? நாலு மணின்னீங்களே... மூணாவது மாடி... லிப்ட் இருக்கு... இல்ல, நீங்க மேல வர வேணாம். பத்து நிமிஷம் இருங்க.

— வந்துட்டாரா?

— வந்துட்டான். பையை மூடு.

— அண்ணி, ஒரு நிமிஷம் நான் சொல்றதை...

— அதுக்கு முன்னாடி உனக்கு ஒரு வேலை இருக்கு.

— என்ன?

— உள்ள போ. போய் உங்க அண்ணனை ஒரே ஒரு தடவ சிரிக்க வை. நான் கதவுகிட்ட நின்னு பாத்துக்கறேன்.

— இப்பவா?

— இனி மூணு மாசம் நான் எங்க பாக்கப் போறேன். அந்த சைக்கிள் கதையைச் சொல்லு.

— விளையாடாதீங்க.

— தும்மினாக்கூடப் போதும்.

— வண்டி நிக்குது...

— நிக்கட்டும். போ.

— ...அண்ணா. முழிச்சுட்டு இருக்கியா?

— சரி.

— நான்தான். ஞாபகம் இருக்கா, சைக்கிள்ல என்னைப் பின்னாடி வச்சு ஓட்டிட்டுப் போனியே... ஒரு திருப்பத்துல நான் விழுந்துட்டேன்...

— சரி.

— நீ பாட்டுக்கு பேசிட்டே வீடு வரைக்கும் போயிட்ட. தங்கச்சி எங்கடான்னு அம்மா கேட்டாங்க. பின்னாடிதான் இருக்கான்னு சொல்லித் திரும்பினே... ஆள் இல்ல...

— சரி.

— அண்ணா, இந்தப் பக்கம் பாரேன். கதவுகிட்ட என்ன இருக்கு? அண்ணிதான் நிக்கறாங்க. எங்கயும் போகல. என்னைப் பாரு. ஒரே ஒரு தடவ, அண்ணா...

— சரி. சரி.

— ...முடியல அண்ணி.

— வா இந்தப் பக்கம். கதவைச் சாத்து.

— எப்பத் தெரிஞ்சுது உங்களுக்கு?

— ரெண்டு பக்கமும்னு சொன்னே பாரு, அப்ப. அவருக்கு வலது பக்கம் முகமே அசையாது. சிரிச்சா இடது ஓரம் மட்டும் மேல ஏறும். சத்தம் வராது. தோள் குலுங்கும். இடது கண்ல தண்ணி கோக்கும். பழக்கமில்லாதவங்க பாத்தா அழறார்னு நினைப்பாங்க. ஒரு தடவகூட சிரிக்கலியா?

— இல்ல.

— நாலு மாசத்துல?

— இல்ல அண்ணி.

— சாப்பாடு?

— கால் தட்டு. சில நாள் அதுவும் இல்ல. நாலு வாய் வாங்குவான். அஞ்சாவதுக்கு உதட்டை இறுக்கிக்குவான்.

— மிச்சம் எங்க போச்சு? தட்டு கழுவி கவுத்து வச்சிருப்பே.

— குப்பைல கொட்டினா நீங்க பாத்துடுவீங்க... நான்தான் சாப்பிட்டேன்.

— அடிப்பாவி. உப்பு இல்லாம கூழா மசிச்சு வச்சதை?

— அதான் ஒரு சுத்து பெருத்துட்டேன்.

— சிரிப்பு காட்டாத. எனக்கு இப்ப கோவம் வந்தாகணும். அவரை வண்டில ஏத்தியிருப்பேன்டி! கால் தட்டு சாப்பிட்டு மூணு மாசம்... என்ன ஆகியிருக்கும்?

— தெரியும். ஒரு வாரமா எனக்கே சோறு இறங்கல. இன்னைக்கு சொல்லிடலாம், நாளைக்கு சொல்லிடலாம்னு...

— ஏன் எழுதின?

— முதல் புதன்கிழமை உள்ளதைத்தான் எழுதினேன். "கால் தட்டு. கதவையே பாத்துட்டு இருந்தான்"னு. அடுத்த வாரம் நீங்க கிளம்பவே இல்ல. செருப்பை மாட்டிட்டு வாசல்லயே அரை மணி நேரம் நின்னுட்டு, திரும்ப உள்ள வந்து அவன் பக்கத்துல உக்காந்துட்டீங்க. உங்க மூஞ்சியைப் பாக்க முடியல. கண்ணுக்குக் கீழ ரெண்டு குழி. மூணாவது வாரம் "முழு தட்டு"ன்னு எழுதினேன். அதுக்கப்புறம்தான் நீங்க நிம்மதியா மூணு மணி நேரம் போயிட்டு வந்தீங்க.

— எனக்காக எழுதினே.

— ஆமா.

— அப்ப அந்த சிவப்புக் கோடு எதுக்கு?

— எந்தக் கோடு?

— "முழு தட்டு"க்குக் கீழ சிவப்புப் பேனால ஒரு கோடு போடுவியே. ஒவ்வொரு வாரமும். எனக்காகப் பொய் சொல்றவ எதுக்குக் கோடு போடணும்? சிரிப்பை எதுக்கு ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு ஏத்திட்டே போகணும்?

— பாக்க நல்லா இருந்துச்சு.

— என்னது?

— உங்க பக்கத்துல அரை. என் பக்கத்துல முழுசு. வீட்டுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு தடவ புரட்டிப் பாத்துட்டுதான் போவேன். பொய்னு தெரிஞ்சும். ஆறு வயசுல எனக்கு ஒரு காய்ச்சல் வந்துச்சு. அம்மா ஊட்டினா துப்பிடுவேன். அண்ணன் ஊட்டினாத்தான் முழுங்குவேன். இப்ப நான் ஊட்டறேன், கையைத் தள்ளிவிடறான். கோவமா தள்ளினாக்கூடப் பரவால்ல அண்ணி. யாரோ பக்கத்து வீட்டுக்காரியைத் தள்ற மாதிரி தள்றான். லிப்ட் சத்தம் கேட்டா தலையைத் திருப்பறான். நீங்க இல்லேன்னு தெரிஞ்சதும் மறுபடியும் கதவைப் பாக்கறான். நாலு மாசமா அதைத்தான் உக்காந்து பாத்துட்டு இருக்கேன். உங்களை எனக்கு அப்படியே...

— சொல்லு. சொல்லிடு.

— பிடிக்காமப் போச்சு. உங்க கல்யாணத்தன்னைக்குக்கூட அவ்வளவு பிடிக்காமப் போகல.

— கல்யாணத்தன்னைக்கே பிடிக்கலியா?

— கொஞ்சம்.

— அப்பவே தெரியும். எந்தப் போட்டோவுலயும் மூஞ்சியை நேரா வச்சதில்ல நீ. இருக்கட்டும், அதை இன்னொரு தடவ சொல்லு.

— எதை?

— லிப்ட் சத்தம் கேட்டா?

— கேட்டா தலையைத் திருப்பறான்.

— நான் இல்லேன்னதும்?

— கதவைப் பாக்கறான்... உங்களுக்கு சந்தோஷமா இருக்கா?

— வெக்கமா இருக்கு. சந்தோஷமாவும் இருக்கு.

— இன்னைக்கு மூஞ்சியைத் திருப்பிக்கறான்னீங்களே. பையைப் பாத்திருப்பான். அதுக்குத்தான் கோவம்.

— இருக்கும். ...இருக்கட்டும், நான் பேசிக்கறேன்.

— அண்ணி, ஒரு நிமிஷம்... எடை.

— என்ன எடை?

— ரெண்டு கிலோ ஏறியிருக்குன்னீங்க. என் நாள்ல கால் தட்டு. உங்க ஆறு நாளும் அரை. அப்புறம் எங்கருந்து ஏறுச்சு?

— பையைப் பிரி. சட்டையெல்லாம் வெளில எடு.

— அண்ணி.

— கசங்கிடும், எடு.

— அண்ணி, என்னைப் பாருங்க.

— ...முக்கால் தட்டு. பல நாள் முழுசு.

— அரைன்னு எழுதியிருக்கு!

— அரைன்னுதான் எழுதினேன்.

— எதுக்கு?

— நல்லா சாப்பிடறார்னு எழுதினா நீ என்ன நினைப்ப? "அண்ணிதான் நல்லா சமாளிக்கறாங்களே, நாம வேற எதுக்கு?" ஒரு வாரம் வர மாட்ட. அடுத்த வாரம் கடைல வேலைம்ப. அதுக்கடுத்த வாரம் நானே வேணாம்னுடுவேன். எனக்கு அந்தப் புதன்கிழமை வேணும். அந்த நாற்காலி வேணும். அது மட்டும் இல்லேன்னா, ஒரு நாள் செருப்பை மாட்டிட்டுப் போனவ அப்படியே போயிருப்பேன்.

— வாய்விட்டுக் கேட்டிருந்தா வந்திருப்பேனே.

— வாய்விட்டுக் கேக்கத் தெரிஞ்சிருந்தா நான் எதுக்குடி நோட்டு போடறேன்.

— ...டாக்டரம்மாகிட்ட என்ன சொல்றது?

— உள்ளதைச் சொல்றது. ரெண்டு பேரும் போய் நிப்போம். திட்டுவாங்க, வாங்கிப்போம்.

— மறுபடியும் போன்.

— ஹலோ... ஆமாங்க, ஹாரன் கேக்குது... இல்ல, அவர் இன்னைக்கு வரல... உடம்புக்கு ஒண்ணும் இல்ல, அவர் நல்லாத்தான் இருக்கார். கோளாறு எங்களுக்குத்தான்... இல்ல, நாளைக்கும் வேணாம்... மன்னிச்சுக்குங்க.

— திட்டினாரா?

— முனகினார். விடு. அந்தப் பொடியை அலமாரில வை.

— அண்ணி, நான் புதன்கிழமை வரலாமா?

— வராம? ஒரு வேளை கால் தட்டு சாப்பிட்டா ஒண்ணும் ஆகிடாது. ராத்திரிக்கு நான் சேத்துக் குடுத்துக்கறேன். கதவைப் பாத்துட்டு இருக்கட்டும். நான் போவேன்.

— ஓடி வந்து கதவுல காது வைக்க மாட்டீங்களே?

— வைக்க மாட்டேன். இனிமே கேக்கறதுக்கு என்ன இருக்கு.

— ஞாயித்துக்கிழமையும் மத்தியானம் வரைக்கும் வர்றேன். நீங்க தூங்குங்க.

— உன் வீட்டுக்காரர் என்ன சொல்வார்?

— அவர் நினைச்சதுக்கெல்லாம் சேத்து அவரையும் கூட்டிட்டு வர்றேன். துணி துவைக்கட்டும்... எப்படி ஊட்டறதுன்னு சொல்லித் தருவீங்களா?

— பாக்கலாம்.

— பாக்கலாம்னா?

— பாக்கலாம்னா பாக்கலாம். எல்லாத்தையும் ஒரே நாள்ல கேக்காத.

— இனிமே நோட்டுல உள்ளதை உள்ளபடி எழுதறேன். கால்னா கால்.

— நானும் எழுதறேன்.

— கதவைப் பாத்தான்னா, கதவைப் பாத்தான்னே எழுதறேன்.

— அதுக்கு வேணா சிவப்புக் கோடு போடு.

— உங்களுக்கு ரொம்பத்தான்... அண்ணி.

— ம்.

— இடது ஓரம் மட்டும் மேல ஏறும்னீங்க. தோள் குலுங்கும், கண்ல தண்ணி கோக்கும்னீங்க.

— ஆமா.

— இப்படி ஆனதுக்கு அப்புறம்தானே அப்படி சிரிக்க முடியும். உங்க ஆறு நாள்லயும் ஒரு சிரிப்பு எழுதல. அப்ப அதை எப்பப் பாத்தீங்க?

— தினமும் காலைல. முகம் துடைச்சுவிடறப்ப.

— தினமுமா! அப்புறம் ஏன் ஒரு நாள்கூட எழுதல?

— எழுதினா, புதன்கிழமை வந்து நீ படிப்பேல்ல. அது ஒண்ணாவது எனக்கு மட்டும் இருக்கட்டும்னுதான்.